விடுபட்ட கவசம்

கொள்ளுப்பிட்டியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தேசியத் தலைப் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது. சைக்கிள் ஓட்டுகிற ஒவ்வொருவரும் அங்கே போய்த் தன் ஹெல்மட்டுக்குச் சபையின் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வரவேண்டும். ஸ்டிக்கர் இல்லாமல் பிடிபட்டால் சைக்கிள் போய்விடும். பெற்றோல் இல்லாத காலத்தில் கொழும்பே சைக்கிளில் ஏறியபோது, இத்தனை தலைகள் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் தெருவில் போகின்றனவே என்று அரசாங்கத்துக்கு ஒரு கவலை வந்தது. அந்தக் கவலைக்கு ஒரு தலைவரையும் நாலைந்து பணிப்பாளர்களையும் அவர்களுக்கு வாகனங்களையும் கொடுத்தார்கள். வாகனங்களில் ஒன்றுகூடச் சைக்கிள் இல்லை.

சபையின் வாசலில் மும்மொழிப் பலகை ஒன்று இருக்கிறது. தலைக்கவசத்தை இரும்புக் கட்டையின் மேல் வைத்து மூன்று முறை அடிக்க வேண்டும், இரண்டாகப் பிளக்காதவற்றை ஏற்கலாம் என்று சிங்களத்தில் எழுதியிருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. தமிழுக்கு வந்தபோது ‘தலைக்கவசம்’ என்ற சொல் வரிக்குள் அடங்கவில்லை. எழுதியவர் அடங்கிய மட்டும் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஆகவே தமிழில் இப்படி நின்றது:

“விண்ணப்பதாரியின் தலை இரும்புக் கட்டையின் மேல் வைக்கப்பட்டு மும்முறை அடிக்கப்படும். இரண்டாகப் பிளக்காதவை ஏற்கப்படும்.”

இதில் ஒரு புதினமும் இல்லை. இந்த நாட்டில் தமிழ்ப் பலகை சரியாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நாங்கள் நின்று வாசிப்போம், சிரிப்போம், போனில் படம் எடுத்து பேஸ்புக்கில் போடுவோம். இன்னும் நூறு பேர் சிரிப்பார்கள். பலகை நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்டிக்கர் ஒட்ட வந்த பேர்னாட்டும் அன்று காலை படம் எடுத்து மனைவி றேணுகாவுக்கு அனுப்பினான். சிரித்து அழுகிற பொம்மை மூன்று திரும்பி வந்தது.

பேர்னாட் கொட்டாஞ்சேனைக்காரன், கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். யாரோடும் சண்டைக்குப் போகாதவன். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் தானே ‘சொறி’ சொல்லி மன்னிப்புக் கேட்பவன். ஒரே மகள் செலீன் ஆறாம் வகுப்பு. அவர்களுடைய ஒழுங்கைக்குள் ஸ்கூல் வான் வராததால் அவள் சைக்கிளில் போய்வருவாள். போன மாதம் ஜம்பட்டா வீதியில் ஒரு லொறி அவளைத் தட்டிவிட்டுப் போனது. நெற்றியில் தையல் போட்ட டொக்டர், “ஹெல்மட் போட்டிருந்தா பிள்ளை எழும்பி லொறிக்காரனுக்கு ஏசியிருக்கும்” என்றார். அன்று ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடி பேர்னாட் ஒரு முடிவெடுத்தான். இனி இந்தத் தலையில் ஒரு கீறல் விழக்கூடாது. அவன் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவு அதுதான்.

வெள்ளவத்தையில் ஸீனத்தின் கடையில் ஒரு சனிக்கிழமை முழுக்க ஹெல்மட் தேடினார்கள். ஸீனத் முதலில் கொண்டுவந்தது செலீனின் மூக்குவரை இறங்கியது.

“வளர்ற புள்ளதானே, ஒரு சைஸ் பெருசா எடுங்க. ரெண்டு வருஷத்துக்குப் போடலாம்.”

நாங்கள் சட்டை, சப்பாத்து எல்லாம் அப்படித்தானே வாங்குகிறோம். பேர்னாட் தலையாட்டினான். செலீனும் ஆட்டினாள்; அவள் ஆட்டியதில் ஹெல்மட் ஒரு பக்கம் போக, தலை மறுபக்கம் போனது.

“ஆன்ட்டி, இது எனக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு வரப்போற எனக்கு இல்லை.”

பெட்டிக்குள் இருந்த தாளை அவள் எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். அதன்பிறகு அந்தக் கடையில் அவளுடைய ஆட்சிதான். தொப்பிபோலப் பின்னுக்குச் சரித்துப் போடக்கூடாது. மட்டமாக இருக்கவேண்டும், புருவத்துக்கு மேலே இரண்டு விரல். வார் இரண்டும் காதுக்குக் கீழே வந்து சேரவேண்டும். நாடிக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் போகலாம், இரண்டு போகக்கூடாது. பின்னாலுள்ள திருகை இறுக்கித் தலையை உதறினால் ஹெல்மட் அசையக்கூடாது, நெற்றித் தோல் சேர்ந்து அசைந்தால் நல்லது. கடையிலிருந்த எல்லாவற்றையும் போட்டு உதறி, கடைசியில் ஒரு நீல ஹெல்மட்டைத் தெரிவுசெய்தாள். தகப்பனுக்கும் அதே மாதிரிச் சோதனை வைத்து ஒன்று எடுத்தாள். தாளின் கடைசி வரியையும் அவள் விடவில்லை.

“ஒருக்கா நல்லா அடிபட்டா எறிஞ்சிட வேணுமாம் டடா. வெளியால ஒண்டும் தெரியாது, உள்ளுக்குள்ள நுரை நசிஞ்சிருக்கும். பிறகு அது சும்மா தொப்பிதான், காக்காது.”

இரண்டு நல்ல ஹெல்மட்டுகளோடும் இரண்டு நல்ல தலைகளோடும் அவர்கள் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இடப்பக்கம் சிங்களப் பிரிவு, வலப்பக்கம் தமிழ்ப் பிரிவு. வலப்பக்கம் டோக்கன் எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்கள். உள்ளே தேங்காய் உடைக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. கந்தோரில் ஏதோ பூசை என்று பேர்னாட் நினைத்தான். கதவு திறந்தது. வத்தளையிலிருந்து வந்த ஒருவரை இரண்டு பியோன்மார் தாங்கிக் கொண்டுவந்து கதிரையில் வைத்தார்கள். தலையில் கட்டிய துவாயிலிருந்து இரத்தம் சேட்டுக் கொலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“பாஸ்,” என்றார் அவர், பக்கத்தில் இருந்த எல்லோரையும் பார்த்து. முன்பல்லில் ஒன்று அவருடைய உள்ளங்கையில் இருந்தது. சான்றிதழை லமினேட் பண்ணித் தருவார்களாம், அதற்காகக் காத்திருந்தார்.

அடுத்ததாக உள்ளே போனவர் நடந்து வரவில்லை. துணியால் மூடித் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். துணியின் மேல் ஒரு தாள் குத்தியிருந்தது: ‘பிளந்தது. நிராகரிக்கப்படுகிறது. மேன்முறையீட்டுக்கு விண்ணப்பதாரி நேரில் வரவேண்டும்.’ வண்டிக்குப் பின்னால் அவருடைய மனைவி அன்னபாக்கியம் வந்தார். கணவரின் ஹெல்மட்டைக் கக்கத்தில் வைத்திருந்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

பேர்னாட் செலீனின் கையைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் ஓடினான். கொட்டாஞ்சேனையில் பிறந்தவனுக்குச் சிங்களம் தெரியாதா? அங்கே எல்லாம் அமைதியாக நடந்தது. ஓர் அதிகாரி சிரித்த முகத்தோடு ஹெல்மட்டை வாங்கி, இரும்பில் வைத்து, சம்மட்டியால் மூன்று அடி அடித்து, வெடித்த இடம் தெரியாமல் அதன்மேலேயே ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை வாங்கிக்கொண்டு வந்த ஒரு வயதானவர் பேர்னாட்டிடம் காட்டினார்.

“மேக்க கெடுவா மல்லி. ஈட்ட பஸ்ஸே ஸ்டிக்கர் எக்க அலெவ்வா.” இதை உடைத்தார்கள், பிறகு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சொல்லிவிட்டு, யாரிடம் சிரிப்பது என்று தெரியாமல் தனக்குத்தானே சிரித்தார்.

அந்தப் பக்கம் போனால் தலை முழுசு, ஹெல்மட் நாசம். இந்தப் பக்கம் வந்தால் ஹெல்மட் முழுசு, தலை நாசம். இரண்டும் முழுசாக ஓர் ஆள் வெளியே போகும் வழி அந்த மாடியில் இல்லை.

“வெடிச்ச ஹெல்மட்டோட நான் திரும்ப லொறியில அடிபட்டா?” என்று செலீன் கேட்டாள்.

பேர்னாட் அவளைத் தமிழ்ப் பிரிவுக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தான். பெரியவரிடம் கதைத்தால் விளங்கும் என்று நினைத்தான். ஐயோ பாவம், அவனுக்குக் கந்தோர்களில் அவ்வளவு நம்பிக்கை.

தமிழ்ப் பிரிவின் பெரியவர் நாகேந்திரம். பதவி, தமிழ்மொழி அமுலாக்கல் பணிப்பாளர். வெள்ளவத்தையில் வீடு, கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சேட்டு. அவருடைய மேசைக்கு முன்னால்தான் இரும்புக் கட்டை இருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“சேர், வாசல் பலகையில ஒரு பிழை இருக்கு. தலைக்கவசம் எண்டு வரவேணும். தலை எண்டு மட்டும் கிடக்கு.”

நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிழையெண்டு ஆர் சொன்னது?”

“சிங்களத்தில ஹெல்மட் எண்டுதானே போட்டிருக்கு.”

“ஆ. சிங்களத்தைப் பாத்துத் தமிழைத் திருத்தச் சொல்லுறீர்.”

“இல்லை சேர், அரசாங்க வர்த்தமானியில எண்டாலும் சரியா இருக்குமே.”

“வர்த்தமானியிலயும் தலைதான். பலகையைப் பாத்துத்தான் வர்த்தமானி அடிச்சது.” அவர் எழுந்து நின்றார். கதைக்கத் தொடங்கினால் எழுந்து நிற்பது அவருடைய பழக்கம். “தம்பி, நான் இந்தக் கதிரைக்கு வர முன்னம் சேவைக்காலம் முழுக்கச் சிங்களத்தில கடிதம் எழுதினனான். தமிழில எழுதின சட்டம் ஒண்டு, எழுதினபடியே நடந்த சரித்திரம் இந்த நாட்டில இருக்கோ? சொல்லும் பாப்பம். இல்லை. இஞ்சை நடக்குது. ஒரு எழுத்துப் பிசகாமல் நடக்குது. வெளிநாட்டுக் குழுவொண்டு வந்து பாத்திட்டு, மொழியுரிமைக்கு இது ஒரு முன்மாதிரி எண்டு எழுதிக் குடுத்திட்டுப் போனது. அண்டைக்கு நாலு தலை அடிச்சுக் காட்டினனாங்கள். கைதட்டினவை. இப்ப நான் பிழையெண்டு ஒத்துக்கொண்டா என்ன நடக்கும்? ரெண்டு பிரதியும் முரண்பட்டா சிங்களப் பிரதி மேலோங்கும் எண்டு சட்டம். தமிழ் தோக்கும். என்ரை மேசையில அது நடக்காது. தமிழுக்குத் தலை குடுக்கிற பரம்பரை நாங்கள்.”

“உங்கட தலையையும் அடிச்சவையோ சேர்?” பேர்னாட் குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினான்.

“எனக்குக் கார் தந்திருக்கினம்,” என்றார் நாகேந்திரம்.

பேர்னாட் மகளைப் பார்த்தான். நெற்றியில் தையல் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. “சேர், பிள்ளையை விடுங்கோ. அவளுக்கும் சேர்த்து என்ர தலையை எடுங்கோ.”

நாகேந்திரம் செலீனின் நெற்றியைப் பார்த்தார். மனமிரங்கியவர்போலத்தான் தெரிந்தார். “குடும்ப மாதிரி எண்டு ஒரு ஏற்பாடு இருக்கு. தகப்பன்ரை தலையை மாதிரியா எடுக்கலாம். பிள்ளை, இவரைப் பாரும்.”

பிள்ளை என்று அவர் கூப்பிட்டது யதுஷாவை. தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி. பட்டதாரி நியமனம் கேட்டு வெயிலிலும் மழையிலும் ஊர்வலம் போய், உண்ணாவிரதம் இருந்து, கடைசியாகக் கிடைத்த வேலை இது. பதவியின் பெயர் ‘தாக்கல் உத்தியோகத்தர்’. விண்ணப்பங்களைத் தாக்கல் செய்கிற வேலை என்று நினைத்துத்தான் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். முதல் நாள் கையில் தடிபோல ஓர் இரும்புப் பொல்லைக் கொடுத்தார்கள்.

“குறை நினைக்காதேங்கோ அண்ணா,” என்றாள். “நாக்கை உள்ளுக்கு எடுங்கோ. போன கிழமை ஒராள் கடிச்சுத் துண்டாக்கிப் போட்டுது.”

இரும்பு ஈரமாகவும் குளிராகவும் இருந்தது. முதல் அடியில் பேர்னாட்டுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது; நோவு பிறகு வந்தது. இரண்டாவது அடியில் தோல் கிழிந்து, சூடாக ஏதோ கண்ணுக்குள் இறங்கியது. யன்னலில் தெரிந்த கடல் ஒரு பக்கம் சரிந்து நின்றது. மூன்றாவது அடியில் அவன் கட்டையின் மேலேயே வாந்தியெடுத்தான். யதுஷா அளவுகோலால் தலையைப் பார்த்து, “பிளக்கேல்லை சேர்” என்றாள். நல்லவேளை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

பேர்னாட்டின் கையில் சான்றிதழ் வந்தது. அவன் தன் ஹெல்மட்டைப் போட்டுப் பார்த்தான். கனிந்த பலாப்பழம்போல வீங்கிய தலையில் அது இறங்கவில்லை. அளவு மாறினால் புது விண்ணப்பம் வேண்டும் என்றார் பியோன். பரவாயில்லை, செலீன் தப்பிவிட்டாள் என்று பேர்னாட் நினைத்தான். இரத்தம் ஓடுகிற முகத்தோடு அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

“அடுத்தது மகள்,” என்றார் நாகேந்திரம்.

“குடும்ப மாதிரி எண்டு சொன்னியள் சேர்.”

“ஓம். மாதிரி பாஸ். அதாலை குடும்பத்திலை மிச்சத் தலையளை அடிக்கிறதுக்கு அனுமதி கிடைச்சிருக்கு. உம்மடை தலை பிளந்திருந்தா பிள்ளையை அடிச்சிருக்கமாட்டம். நாங்களும் மனிசர்தானே.”

பேர்னாட் பாய்ந்தான். இரண்டு பியோன்மார் அவனுடைய கைகளைப் பின்னால் முறுக்கிச் சுவரோடு அழுத்தினார்கள். அவன் கத்தினான். அவன் அப்படிக் கத்தி செலீன் கேட்டதில்லை.

செலீன் கட்டைக்குக் கிட்டப் போனாள். நீல ஹெல்மட்டை எடுத்து மட்டமாக வைத்தாள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள். திருகை இறுக்கினாள், வாரைப் பூட்டினாள், நாடிக்குக் கீழே ஒரு விரல் விட்டுப் பார்த்தாள், தலையை உதறினாள். ஒன்றையும் விடவில்லை.

“அதைக் கழட்டும்,” என்றார் நாகேந்திரம்.

“ஹெல்மட் போடக்கூடாது எண்டு பலகையில இல்லைதானே அங்கிள். பலகையில ஹெல்மட்டே இல்லை.”

நாகேந்திரம் யதுஷாவைப் பார்த்தார். யதுஷா தரையைப் பார்த்தபடி, “ஓம் சேர், அப்பிடி ஒரு சொல் வாசகத்தில இல்லை” என்றாள். இலக்கணம் படித்த பிள்ளை.

வாசகத்துக்கு எதிராக அவர் எப்படிப் போவார்? செலீன் தலையைக் கட்டையில் வைத்தாள், அவர் அடிக்கச் சொன்னார். யதுஷா கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். ஹெல்மட் படாரென்று வெடித்து, வெள்ளை நுரை வெளியே தெரிந்தது. செலீன் அப்படியே இருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள்.

“நோகேல்லை,” என்றாள், தனக்கே நம்ப முடியாமல்.

திறந்த கதவுக்கு வெளியே லமினேட்டுக்குக் காத்திருந்த வத்தளைக்காரர் முன்பல் போன வாயால் சொன்னார்: “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு.”

“செல்லாது,” என்றார் நாகேந்திரம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அடி தலைக்குப் போய்ச் சேரேல்லை. கழட்டிப்போட்டு முதலிலையிருந்து அடியும் பிள்ளை.”

“சேர், சின்னப் பிள்ளை சேர்.”

“தாரும் இஞ்சை.” அவர் பொல்லைப் பறித்தெடுத்து, மறு கையால் செலீனின் ஹெல்மட் வாரை இழுத்துக் கழற்றினார்.

பேர்னாட்டைக் காப்பாற்றியது அவனுடைய இரத்தம்தான். கை முழுக்க வழுவழுவென்று ஓடியிருந்ததால் பியோன்மாரின் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் சொறி சொல்கிற அந்த மனிதன் பணிப்பாளரின் பிடரியைப் பிடித்து, முகத்தைக் கட்டையில் மோதினான். மூக்கு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பொல்லு அவன் கைக்கு வந்தது. அவன் அதை ஓங்கினான்.

“பலகைப்படி, சேர்.”

“பொறும் தம்பி.” நாகேந்திரத்தின் கன்னம் இரும்பில் நசிந்திருந்தது. “அது எழுத்துப் பிழை.”

“எது சேர்?”

“தலை இல்லை. தலைக்கவசம். கவசம் விடுபட்டுப் போச்சு. முதல் நாளே எனக்குத் தெரியும்.”

“சத்தமாச் சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். மண்டபம் முழுக்கக் கேட்டது. பேர்னாட் பொல்லைத் தாழ்த்தினான். அவனுக்கு அந்த ஒரு சொல் போதும். செலீனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், நாளைக்கே ஸீனத்தின் கடையில் இன்னொரு ஹெல்மட் எடுக்கலாம் என்று நினைத்தான்.

ஆனால் வெளியே இருந்தவர்களுக்கும் அது கேட்டுவிட்டது. துவாய் கட்டியவர்கள், தையல் போட்டவர்கள், ஒரு கண் மூடியவர்கள் எல்லோரும் எழுந்து உள்ளே வந்தார்கள். வரிசை குலையவில்லை. காஸுக்கும் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் நின்று பழகிய சனம். யாரோ டோக்கன் மெஷினை வாசலுக்கு இழுத்துவந்தார்கள். ஆளுக்கொரு டோக்கன் எடுத்தார்கள். “அந்த அம்மாவை முன்னுக்கு விடுங்கோ,” என்றார் வத்தளைக்காரர். அன்னபாக்கியம் கணவரின் ஹெல்மட்டை நிலத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, பேர்னாட்டின் கையிலிருந்து பொல்லை வாங்கினார். அவன் கொடுத்தானா, அவர் பறித்தாரா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. பியோன்மார் பழக்கதோஷத்தில் நாகேந்திரத்தின் தோள்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

“நான் விண்ணப்பதாரி இல்லை,” என்று நாகேந்திரம் கத்தினார். “சட்டப்படி விண்ணப்பதாரியின்ரை தலையைத்தான் அடிக்கலாம்.”

யதுஷா மேசையில் போய் இருந்தாள். ஒரு விண்ணப்பத்தை எடுத்து அவருடைய பெயரை அழகான கையெழுத்தில் நிரப்பி, முத்திரை குத்திக் கோப்புக்குள் வைத்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் செய்ய விரும்பியது அதைத்தான்.

“தாக்கல் செய்தாச்சு சேர்.”

அப்போது செலீன் நிலத்தில் கிடந்த தன் ஹெல்மட்டை எடுத்துக்கொண்டு கட்டைக்குப் பக்கத்தில் போய் முழங்காலில் இருந்தாள். நாகேந்திரத்தின் தலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, திருகைத் தளர்த்தி அதைப் போட்டுவிட்டாள். அவருடைய கண்கள் கலங்கிவிட்டன. “நல்ல பிள்ளை,” என்றார். “கடவுள் உன்னைக் காப்பாத்துவார்.”

அவள் அவசரப்படவில்லை. வரிசையும் காத்திருந்தது. மட்டமாக வைத்து, புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அளந்தாள். வாரைக் காதுக்குக் கீழே கொண்டுவந்து பூட்டினாள். நாடிக்குக் கீழே ஒரு விரல் போனது, இரண்டு போகவில்லை. திருகை இறுக்கி அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

பேர்னாட் குனிந்து அவளுடைய காதுக்குள் சொன்னான்: “மகள், அது ஒருக்கா அடி வாங்கினது. இனிக் காக்காது.”

“தெரியும் டடா,” என்றாள் செலீன்.